சலடின் போய் ரி-55 வந்தது ஏன்?

(நெடுங்கேணியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம். பேச்சின் போக்கு பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



யுத்தத் தாங்கியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் முன்வரிசையில் இருக்கும் ஐயா ஒருவர், "அதை நாங்கள் கண்ணாலை கண்டனாங்கள், நீங்கள் புத்தகத்திலை கண்டனீங்கள். ஆர் ஆருக்குச் சொல்லுறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 1997 மே 13இல் இராணுவத்தின் ஜயசிக்குறு நடவடிக்கை தொடங்கியது. ஒரு முனை வவுனியாவில் இருந்து ஏ9 வழியே வடக்கு நோக்கி நகர்ந்தது. மறுமுனை மணலாற்றில் இருந்து நெடுங்கேணிக்கு வந்தது. அந்த மாதம் முடியுமுன் இந்த ஊர் இராணுவத்தின் கையில். சனம் மூட்டை முடிச்சோடு காட்டு வழியே போய்விட்டது. வந்த தாங்கியின் இரைச்சலை உங்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை.

நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின கதை. பத்து வருடம் முன்பு, 1987இல், இலங்கை இராணுவம் இதே பாதையால் வந்திருந்தால் ஆறு ரயரில் ஓடுகிற, பெற்றோல் குடிக்கிற வண்டியில்தான் வந்திருக்கும். 1997இல் வந்ததோ 36 தொன் எடையுள்ள சங்கிலி வாகனம். இடையில் நடந்தது என்ன? ஆர் மாற்றினது, எதற்காக, மாற்றியதால் கிடைத்தது என்ன?

என் எண்ணத்தை முதலே சொல்லிவிடுகிறேன். ஒரு படைப்பிரிவு தன் தாங்கியை மாற்ற நினைப்பது, தன்னைக் கொல்லும் பொருள் மாறும்போது. ஆனால் எந்தத் தாங்கிக்கு மாறுவது என்பதைக் களத்தில் நிற்பவன் தீர்மானிப்பதில்லை. துறைமுகம், பாலம், பட்டறை, கையிருப்பில் உள்ள காசு, விற்க ஆயத்தமாய் இருக்கும் நாடு ஆகியவை சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. சரி, தாங்கி வந்துவிட்டது. அதைப் பாவிக்கும் முறை மாறாவிட்டால்? வன்னியில் நடந்தது அதுதான் என்பது என் கட்சி.

முதலில் கொஞ்சம் தூரத்து உதாரணங்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் படை 1941இல் சோவியத் நாட்டுக்குள் புகுந்தது. அங்கே ரி-34 எதிர்ப்பட்டது. சரிவான கவசமும் அகலமான சங்கிலியும் கொண்ட அந்தத் தாங்கி சேற்றிலும் பனியிலும் நின்றுவிடாமல் ஓடியது. ஜேர்மனியரின் சின்னத் தாங்கிகள் திணறின. அந்த அதிர்ச்சியில் பிறந்தது பாந்தர். 1943 ஜூலையில் கூர்ஸ்க் சண்டைக்கு ஏறத்தாழ 200 பாந்தர்களை அவசர அவசரமாக அனுப்பினார்கள். எதிரி அடித்தவற்றை விடுங்கள். இயந்திரம் தீப்பிடித்தும், கியர் உடைந்தும் வழியில் நின்றவையே ஏராளம். காகிதத்தில் அது அந்நாளின் மிகச் சிறந்த தாங்கி. டைகரின் கதை இன்னும் வேடிக்கை. 56 தொன் எடை. ரயிலில் ஏற்ற வேண்டுமானால் அகலச் சங்கிலியைக் கழற்றி ஒடுங்கிய சங்கிலியைப் பூட்ட வேண்டும். இறக்கியதும் திரும்பவும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வண்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே நிற்கும்.

சோவியத்காரன் வேறு வழி எடுத்தான். டைகர் வந்தபின் ரி-34இன் 76 மி.மீ. பீரங்கி போதவில்லை என்று தெரிந்தது. முழுசாகப் புதுத் தாங்கி செய்ய வெளிக்கிட்டால் தொழிற்சாலைகள் மாதக்கணக்கில் நிற்கும். ஆகவே பழைய உடலிலேயே பெரிய கோபுரத்தை வைத்து 85 மி.மீ. பீரங்கியைப் பூட்டி 1944 தொடக்கத்தில் களத்துக்கு அனுப்பினான். சாரதிக்கும் மெக்கானிக்குக்கும் அதே வண்டி, அதே உதிரிப்பாகம். கெட்டித்தனம் என்றால் இதுதான் கெட்டித்தனம்.

அமெரிக்காவின் ஷெர்மன் 30 தொன்னைச் சுற்றி நின்றதற்கும் இதே மாதிரிக் காரணம் உண்டு. அது அத்திலாந்திக்கைக் கடக்க வேண்டும். கப்பலின் பாரந்தூக்கி தூக்க வேண்டும். மறுகரையில் பொறியியல் படை போடுகிற தற்காலிகப் பாலம் தாங்க வேண்டும்.

எங்களுக்குக் கிட்டின உதாரணம் பர்மா. வட ஆபிரிக்காவில் 1942இன் நடுப்பகுதியில் பிரித்தானியர் கிராண்ட் தாங்கியை வைத்து ஜேர்மனியரோடு பொருதினார்கள். லீ என்பது அதன் உடன்பிறப்பு. மூன்று மீற்றருக்கு மேல் உயரம். பெரிய பீரங்கி கோபுரத்தில் இல்லாமல் உடலின் வலப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். பாலைவனத்தில் ஒளிக்க இடமில்லை, எட்டத்தில் இருந்தே தெரிந்துவிடும். அதே வருடம் ஒக்ரோபரில் எல் அலமெய்ன் சண்டைக்கு ஷெர்மன் வந்ததும் அதன் மவுசு போய்விட்டது. போன மவுசு எங்கே வந்தது தெரியுமா? இந்திய-பர்மிய எல்லைக்கு. ஜப்பானியரிடம் இருந்த தாங்கிகளின் கவசம் மெலிந்தது, தாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் கொஞ்சம். 1944 ஏப்ரல் 13இல் இம்பாலுக்கு அருகே நுன்ஷிகும் குன்றின் செங்குத்தான முதுகில் 3ஆம் கார்பினியர் படைப்பிரிவின் லீ தாங்கிகள் ஏறின. தாங்கி இந்த மலையில் ஏறும் என்று ஜப்பானியர் எதிர்பார்க்கவேயில்லை. பாதை பார்க்கத் தலையை வெளியே நீட்டிய அதிகாரிகள் எல்லோரும் செத்தும் காயப்பட்டும் விழ, சார்ஜன்ட் மேஜர் ஒருவர் தலைமையை எடுத்து முடித்தார்.

1945 மார்ச்சில் மெய்க்திலா பிடிபட்டபோது 255ஆவது இந்தியத் தாங்கிப் பிரிகேட்டிடம் ஷெர்மன் இருந்தது. அதே இராணுவத்தின் 254ஆவது பிரிகேட் இன்னும் லீயில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மாற்ற வேண்டிய அவசரம் அங்கே இல்லை. பாலைவனத்தில் மவுசு போனது, பர்மாவில் ராசா. எங்கள் விவசாயிக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. உழவு இயந்திரத்துக்கு மாரியில் வயலில் இறங்க இரும்புச் சில்லு, றோட்டில் ஏற ரயர். எது திறமான சில்லு என்று கேட்டால் எந்த நிலத்துக்கு என்று திருப்பிக் கேட்பார்.

இந்தியாவிலும் இதைக் காணலாம். 1965 செப்டெம்பரில் பஞ்சாப்பின் அசல் உத்தர் கிராமத்தில் பாகிஸ்தானின் புதிய அமெரிக்கப் பாற்றன் தாங்கிகள் தண்ணீர் பாய்ச்சிய கரும்பு வயல்களில் புதைந்து நின்றன. அடித்தவை பிரித்தானிய செஞ்சூரியனும், இருபது வருடம் பழைய ஷெர்மனும், பிரெஞ்சு ஏ.எம்.எக்ஸ்-13உம். அந்தப் போரோடு அமெரிக்கா இரு நாடுகளுக்கும் ஆயுதத்தை நிறுத்தியது. இந்தியா சோவியத் பக்கம் திரும்பி ரி-54, ரி-55 வாங்கியது. 1971இல் கிழக்கு வங்கத்தின் ஆறும் சேறும் நிறைந்த மண்ணுக்கு 14 தொன் எடையுள்ள பி.ரி-76 என்னும் நீந்தும் தாங்கியை அனுப்பினார்கள். கவசம் என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஆற்றைக் கடந்தது. நவம்பர் 21இல் கரீப்பூரில் 45ஆவது குதிரைப்படை அதை வைத்தே பாகிஸ்தானின் சாபி தாங்கிகளை முறியடித்தது.

சென்னைக்குப் போய்வந்தவர்களுக்கு ஆவடி தெரிந்திருக்கும். அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965 இறுதியில் விஜயந்தா வெளிவந்தது. பிரித்தானிய விக்கேர்ஸ் நிறுவனத்தின் வடிவம், 105 மி.மீ. பீரங்கி. நல்ல பீரங்கி, தலையிடி தந்தது லேலண்ட் இயந்திரம். பிறகு அதே ஆவடியில் ரி-72 பூட்டத் தொடங்கினார்கள். உள்நாட்டிலேயே வடிவமைத்த அர்ஜுனுக்கு 1974இல் அனுமதி கிடைத்தது; படையில் சேர்ந்தது 2004இல். 58 தொன்னுக்கு மேல் எடை. எல்லைப்புறப் பாலங்களும் ரயில் பெட்டிகளும் 40, 45 தொன் தாங்கிக்குப் பழகியவை. இந்திய இராணுவம் தொகையாக வாங்கியது ரஷ்ய ரி-90ஐத்தான். அர்ஜுன் திறமில்லாத தாங்கி என்று நான் சொல்ல மாட்டேன். பாலத்திடம் தோற்றது என்று சொல்லலாம்.

ஆவடியைச் சொன்னால் 1987 ஒக்ரோபரைச் சொல்லாமல் விட முடியாது. இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்துக்குள் ரி-72ஐயும் பி.எம்.பி. கவச வாகனத்தையும் கொண்டு வந்தது. ராஜஸ்தான் வெளியில் பாகிஸ்தான் தாங்கியோடு மோதுவதற்கென்று வாங்கிய 125 மி.மீ. பீரங்கி, மதிலும் வேலியும் ஒழுங்கையுமான ஊருக்குள் நுழைந்தது. எதிரே ஒரு தாங்கியும் இல்லை. இருந்தது கண்ணிவெடி, கூரை, சனம் நிறைந்த வீடுகள். அந்த மோதலில் யாழ்ப்பாணத்துச் சனம் கொடுத்த விலையை இங்கே பலர் அறிவீர்கள்.

இனி எங்கள் கதைக்கு வருவோம்.

இலங்கையின் கவசப் படை 1955 ஒக்ரோபரில் உளவுப் படைப்பிரிவாகத் தொடங்கியது. உளவு என்றால் முன்னால் ஓடிப் பார்த்துவிட்டு வருவது. அதற்கு ரயர் வண்டி போதும். பிரித்தானியாவின் ஃபெரட், சலடின், சரசன் வந்தன. சலடினுக்கு ஆறு சில்லு, ரோல்ஸ் ரொய்ஸ் பெற்றோல் இயந்திரம், 76 மி.மீ. பீரங்கி, மூன்று பேர். எடை பதினொரு பன்னிரண்டு தொன். கவசத்தின் மிகத் தடித்த இடம் 32 மி.மீ. 1971இல் தெற்கில் கிளர்ச்சி செய்தவர்களிடம் நாட்டுத் துப்பாக்கியும் கைக்குண்டும் இருந்தன. அவர்களுக்கு எதிரே சலடின் அசைக்க முடியாத அரண். ஏறத்தாழ இருபது வருடம் இந்த ஏற்பாட்டில் குறை காண எவருக்கும் தேவை வரவில்லை.

1980களில் கொல்லும் பொருள் மாறியது. 1983 ஜூலை 23இல் திருநெல்வேலியில் கண்ணிவெடி வெடித்துத் தொடங்கிய தாக்குதலில் 13 சிப்பாய்கள் இறந்தார்கள். அதன் பின்விளைவான கறுப்பு ஜூலை உங்களுக்குத் தெரியும். படைக்கு உடனடிப் பிரச்சினை றோட்டுக்குக் கீழே இருந்தது. சலடினின் அடித்தளம் அதற்கென்று செய்ததல்ல. தென்னாபிரிக்காவில் இருந்து பஃபல் வந்தது. எங்கள் வாயில் பவள். அடிப்பாகம் வள்ளத்தின் வடிவில் கூர்மையாக இருந்ததால் வெடி கீழே எழுந்ததும் இரண்டு பக்கமும் சிதறும். பிறகு இலங்கை இராணுவத்தின் மின் இயந்திரப் பொறியியல் படை அதைப் பார்த்து யூனிகோன், யூனிபஃபல் என்று உள்நாட்டிலேயே செய்தது. என் கணக்கில், இந்த யுத்தத்தில் அரசு செய்த வாகன மாற்றங்களில் மிகவும் புத்திசாலித்தனமானது இதுதான். பிரச்சினை என்ன என்று சரியாகப் பார்த்து, அதற்கு ஏற்றதைத் தெரிந்து, பட்டறையை நாட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். ஆனால் பவளில் பீரங்கி கிடையாது. அது ஆளேற்றும் வண்டி.

1991 ஜூலை 10இல் புலிகள் ஆனையிறவு முகாமைச் சுற்றிவளைத்தார்கள். வெளியில் வெட்டவெளி; உப்பளமும் மணலும். மறைப்பு இல்லாமல் ஆள் நகர முடியாது. அதற்காகப் பெரிய புல்டோசர்களுக்கு இரும்புத் தகடு அடித்துக் கவச வாகனமாக்கிக் கொண்டு வந்தார்கள். முகாமில் இருந்தவர்களின் துப்பாக்கி அதைத் துளைக்கவில்லை. ஜூலை 14ஐ ஒட்டிய இரவில் காமினி குலரத்ன என்ற சிப்பாய் அதன் மேல் ஏறிக் கைக்குண்டை உள்ளே போட்டு, தானும் செத்தார். பரம வீர விபூஷணய விருது முதன்முதலாக அவருக்குக் கொடுக்கப்பட்டது. அந்த புல்டோசர் இன்றும் ஆனையிறவில் றோட்டோரம் நிற்கிறது. யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் இருந்தே பார்க்கலாம். இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்ட சண்டை அது. வெற்றிலைக்கேணியில் கடலால் இறங்கிய படை ஆனையிறவை வந்தடையக் கிழமைக்கணக்கில் சென்றது.

நான் இந்தச் சண்டையில் பார்ப்பது வேறொன்று. அரச படையின் துப்பாக்கி துளைக்காத தகடு, கராச்சில் ஒட்டியடித்த புல்டோசரில் இருந்தது. அதற்குமேல் சலடினை முன்வரிசையில் வைத்துக்கொண்டு பெருஞ்சண்டைக்குப் போவது எப்படி?

அப்படியானால் எதை வாங்குவது? இந்த இடத்தில் உலக அரசியல் கைகொடுத்தது. 1990 நவம்பர் 19இல் பாரிஸில் ஐரோப்பாவின் மரபுவழிப் படைகளைக் குறைக்கும் உடன்படிக்கை கைச்சாத்தானது. ஒவ்வொரு நாடும் வைத்திருக்கக்கூடிய தாங்கிக்கு வரம்பு வந்தது. 1991 ஜூலை 1இல் வார்சோ ஒப்பந்த அமைப்பு முறைப்படி கலைந்தது. ஆனையிறவுச் சண்டை தொடங்கச் சரியாக ஒன்பது நாள் முன்பு. கிழக்கு ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான தாங்கிகளுக்குத் திடீரென்று வேலை இல்லை. வெட்டி இரும்பாக்க வேண்டும் அல்லது ஆருக்காவது தள்ள வேண்டும். மேற்கு நாடுகளோ மனித உரிமைக் கேள்வியோடு கொழும்புக்குக் கனரக ஆயுதம் விற்கத் தயங்கிய காலம். 1990களின் தொடக்கத்தில் செக்கோஸ்லோவாக்கியாவின் ரி-55 கொழும்புத் துறைமுகத்தில் இறங்கியது இப்படித்தான். சங்கிலிக் கவச வாகனங்கள் சீனத்தில் இருந்து வந்தன.

ரி-55 எப்படிப்பட்ட தாங்கி? 1958இல் உற்பத்தி தொடங்கியது. ரி-54, ரி-55 குடும்பம்தான் உலகத்தில் மிக அதிகமாகச் செய்யப்பட்ட தாங்கி. 100 மி.மீ. பீரங்கி, பன்னிரண்டு சிலிண்டர் டீசல் இயந்திரம், 580 குதிரைவலு, நான்கு பேர். உதிரிப்பாகம் உலகின் பாதி நாடுகளில் கிடைக்கும். பெற்றோல் போய் டீசல் வந்தது சின்ன விசயமல்ல. அடிபட்டால் தீப்பிடிப்பது குறையும், தூரமும் கூட ஓடும். ஆனால் நான்கு பேரும் கட்டையானவர்களாய் இருக்க வேண்டும். உள்ளே இடம் அவ்வளவுதான். தாங்கியின் உயரத்தைக் குறைத்துப் பதுங்க வைப்பதற்காக ரஷ்யன் அப்படிச் செய்தான். அதனால் இன்னொரு குறையும் வந்தது: பீரங்கிக் குழாய் ஐந்து பாகைக்கு மேல் கீழே குனியாது. ஐரோப்பியச் சமவெளியில் அது பரவாயில்லை. குளக்கட்டிலோ மண் அணையிலோ ஏறி நின்று கீழே சுட வேண்டிய நாட்டில், குனிந்து சுட முடியாத தாங்கி தன் உடம்பு முழுவதையும் மேலே காட்டித்தான் சுட வேண்டும்.

சலடினில் இருந்தவனை ரி-55இல் ஏற்றுவது பஸ் சாரதியை வேறு பஸ்ஸில் ஏற்றும் காரியமல்ல. ஸ்டியரிங் போய் இரண்டு நெம்புகோல். தாங்கியைக் கொண்டுபோகப் பெரிய டிரெய்லர். சங்கிலி அறுந்தால் இழுக்க மீட்பு வாகனம். எரிபொருள் வண்டி, 100 மி.மீ. குண்டு, வேறு வகைப் பட்டறை. போர் நடக்கிறபோது ஒரு படைப்பிரிவைப் பின்னுக்கு இழுத்து இதெல்லாம் பழக்க வேண்டும். வாகனத்தின் விலை இந்தச் செலவில் ஒரு பகுதிதான்.

புலிகளும் சும்மா இருக்கவில்லை. 1993 நவம்பர் 11இல் பூநகரி முகாம் மீது நடத்திய தவளை நடவடிக்கையில் ரி-55 அவர்கள் கைக்கே போய்ச் சேர்ந்தது. புல்டோசரில் தகடு அடித்தவர்களிடம் இரண்டு வருடத்தில் உண்மைத் தாங்கி. ஆனால் கைப்பற்றிய தாங்கியோடு தொழிற்சாலை வருவதில்லை. அதை இரண்டு மூன்று சண்டைக்கு மேல் பெருந்தொகையில் ஓட்ட முடியாது. ஆகாயத்தில் விமானம் இருக்கும்போது பகலில் வெளியே விடவும் முடியாது. அவர்கள் நம்பியது தாங்கியை அழிக்கும் கலையை. விக்ரர் கவச எதிர்ப்புப் படையணி என்று தனியாகவே ஒன்று இருந்தது. கையில் ஆர்.பி.ஜி. இந்தச் சோவியத் ஆயுதம் 1961இல் இருந்தே பாவனையில் உள்ளது. தோளில் வைத்துச் சுடுகிற அதன் குண்டு 250 மி.மீ. உருக்கைத் துளைக்கும். ரி-55இன் பக்கவாட்டுக் கவசம் 80 மி.மீ. கணக்கு அவ்வளவுதான். 1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாம் விழுந்தபோது 122 மி.மீ. ஆட்லறிகளும் அவர்களுக்குக் கிடைத்தன.

இனி நிலத்தைப் பாருங்கள். புளியங்குளம், நைனாமடு, ஒலுமடு, நெடுங்கேணி. இரண்டு பக்கமும் பாலையும் வீரையும் முதிரையும். தாங்கியின் பலம் எட்டச் சுடுவதும் பரந்து ஓடுவதும். காட்டுக்குள் இரண்டுமே இல்லை. மரத்தை முறித்துக்கொண்டு போகலாம். ஆனால் நூறு யார் தூரத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. றோட்டில் போனால் கண்ணிவெடி அங்கேதான் புதைத்திருக்கும். வயலில் இறங்கினால் வரம்பும் வாய்க்காலும். கோடையில் எங்கள் செம்மண் கல்லு மாதிரி, தாங்கி ஓடும். கார்த்திகை, மார்கழி மழைக்கு அதே மண் களியாகும். மதகுகள் மாட்டு வண்டிக்கும் லொறிக்கும் கட்டியவை. ஜயசிக்குறு கோடையில் தொடங்கி மாரியைக் கடந்து, இன்னொரு கோடை, இன்னொரு மாரி என்று 1998 டிசெம்பர் வரை இழுபட்டதை நினைத்துப் பாருங்கள்.

புளியங்குளத்தில் படை பெரிதாக அடிபட்டது. அங்கே தாங்கிகளை முன்னால் விட்டு உடைத்துக்கொண்டு போகப் பார்த்தார்கள். தாங்கி எப்படிச் சாகிறது என்பதை ஒருமுறை ஆறுதலாகச் சொல்கிறேன், ஏனென்றால் மாதிரியை மாற்றியும் ஏன் பலனில்லை என்பதற்கு விடை இதில் இருக்கிறது. தாங்கிக்குப் பக்கத்தில் காலாட்படை நடக்க வேண்டும். தாங்கிக்குத் தெரியாத புதரை நடப்பவன் பார்ப்பான். எதிரி மோட்டார் செல் அடிக்கிறான். செல் தாங்கியை ஒன்றும் செய்யாது. நடப்பவன் விழுந்து படுக்கிறான். தாங்கி தனியே முன்னுக்குப் போய்விடுகிறது. உள்ளே இருப்பவனுக்குச் சின்னக் கண்ணாடித் துவாரம் மட்டும். பங்கருக்குள் பொறுத்திருந்தவன் பக்கவாட்டில் எழும்பி ஆர்.பி.ஜி.யை அடிக்கிறான். உள்ளே அடுக்கியிருக்கும் நாற்பதுக்கு மேற்பட்ட குண்டுகளும் எரிபொருளும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இதில் ரி-55 இருந்தாலும் ரி-72 இருந்தாலும் முடிவு பெரிதாக மாறாது.

ஒன்றரை வருடத்துக்கு மேல் இரத்தம் சிந்திப் பிடித்த இடங்கள் 1999 நவம்பரில் புலிகளின் ஓயாத அலைகள் மூன்று நடவடிக்கையில் சில நாளுக்குள் கைமாறின. நெடுங்கேணியும் அவற்றில் ஒன்று. 2000 ஏப்ரல் 22இல் ஆனையிறவும் விழுந்தது. அதற்குப் பிறகு அரசு என்ன வாங்கியது? ஒரே நேரத்தில் நாற்பது ரொக்கட் அடிக்கும் பல்குழல் பீரங்கி. அந்தச் செல் இந்த மண்ணில் எங்கெங்கே விழுந்தது என்பதை என்னைவிட நீங்கள் அறிவீர்கள்.

2006 ஒக்ரோபர் 11இல் முகமாலையில் மீண்டும் அதே பாடம். கவசத் தொடரணி முன்னரங்கைத் தாண்டி உள்ளே போக, புலிகள் உள்ளே விட்டு அடித்தார்கள். ஒரே நாளில் நூற்றுக்கு மேற்பட்ட சிப்பாய்கள் மாண்டார்கள். தாங்கிகளும் கவச வாகனங்களும் எரிந்தன. ரி-55 வந்து பதினைந்து வருடமாகியும் அதைப் பாவித்த முறை மாறவில்லை.

மாறியது அதன் பிறகு. எட்டுப் பேர் கொண்ட சிறு அணிகள் காட்டுக்குள் முன்னால் போயின. தாங்கி பின்னால் நின்று மண் அணைகளையும் பங்கர்களையும் அடித்தது. ஒரு முனையில் தலைகொடுத்து மோதுவதை விட்டுப் பல முனைகளில் ஒரே நேரத்தில் அழுத்தினார்கள். தாங்கி அதே ரி-55தான். வேறு மாதிரி ஒன்றும் வாங்கவில்லை. இராணுவக் கணக்கில் மட்டும் பார்த்தால், 2009இன் முடிவுக்கு வழி செய்த பல காரணங்களில் இந்த முறை மாற்றமும் ஒன்று. அந்த முடிவுக்குள் அகப்பட்டுச் செத்த சனத்தின் கணக்கு வேறு. அதை இராணுவக் கணக்கோடு சேர்த்து நான் எழுத மாட்டேன். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இன்னும் சொல்லவில்லை.

ஆக, என் தீர்ப்பு இது. சலடினைக் கைவிட்டது சரி. ஆனையிறவு அதைக் காட்டிவிட்டது. ரி-55ஐ எடுத்தது வேறு வழியில்லாமல். மலிவாகக் கிடைத்தது, விற்க ஆள் இருந்தது. அதை ஐரோப்பியச் சமவெளியில் ஓட்டுவது போல வன்னிக் காட்டில் ஓட்டியது தவறு. அந்தத் தவறின் விலையைத் தெற்கில் ஏழைக் கமக்காரரின் பிள்ளைகளும் வடக்கில் ஏழைக் கமக்காரரின் பிள்ளைகளும் கொடுத்தார்கள்.

முடிக்குமுன் ஒரு விசயம், இது வரலாறல்ல. தாங்கி போய்விட்டது. தாங்கிக்கென்று புதைத்த கண்ணிவெடி முழுவதும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. இலங்கை 2017 டிசெம்பரில் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. அந்த உடன்படிக்கை ஆட்களைக் கொல்லும் மிதிவெடிக்கு மட்டும். தாங்கி எதிர்ப்பு வெடி அதில் அடங்காது. ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற நிறுவனங்கள் இரண்டையும்தான் கிளறி எடுக்கின்றன. என்றாலும் வரைபடத்தில் குறிக்காத இடத்தை ஆரும் துப்புரவாக்க முடியாது. தாங்கி எதிர்ப்பு வெடி பொதுவாக நூறு, நூற்றைம்பது கிலோவுக்கு மேற்பட்ட பாரத்துக்கே வெடிக்கும். ஆகவே, "இதாலை வருசக்கணக்காய் நடந்து போறனாங்கள், ஒண்டும் இல்லை" என்று சொல்வது உழவு இயந்திரத்துக்குப் பொருந்தாது. நீங்கள் நடந்தபோது வெடிக்காதது உழவு இயந்திரம் ஏறும்போது வெடிக்கலாம். பழசானபின் ஆள் பாரத்துக்கும் வெடிக்கலாம். நீண்ட காலம் பற்றையாய்க் கிடந்த காணியில் உழவோ டோசரோ இறக்குமுன், அந்தக் காணி துப்புரவு செய்யப்பட்டதா என்று கிராம சேவகரிடமோ பிரதேச செயலகத்திலோ கேளுங்கள். இரும்பு எதையாவது கண்டால் பழைய இரும்புக்காரனுக்கு விற்க எடுக்க வேண்டாம். பிள்ளைகளே, இதை முக்கியமாக உங்களுக்குத்தான் சொல்கிறேன். நின்ற இடத்தில் நின்று, வந்த தடத்தால் திரும்பி வந்து, பொலிசுக்கு அறிவியுங்கள்.